வகை ஒதுக்கீட்டுக் குறியீடு

வகை ஒதுக்கீட்டுக் குறியீடு (டிஏசி) என்பது ஒரு கைப்பேசி எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்பதைக் காட்டும் 8 இலக்க எண் ஆகும். ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணின் முதற்பகுதியாக இது அமைகிறது. கைப்பேசியில் *#06# என அழுத்தினால் ஐஎம்இஐ எண் திரையில் தோன்றும். இரண்டு சிம் கார்டு போடும் கைப்பேசிகளில் இரண்டு எண்கள் இருக்கும். இக்குறியீடுகளின் உலகளாவிய பட்டியலை இலண்டனில் தலைமையகம் கொண்ட ஜிஎஸ்எம்ஏ என்னும் அமைப்பு பராமரிக்கிறது.

எண்ணின் அமைப்பு

டிஏசியின் முதல் இரண்டு இலக்கங்கள் அதை வழங்கிய அமைப்பைக் குறிக்கும். 35 பிரித்தானிய அமைப்பையும், 86 சீன அமைப்பையும், 91 இந்திய அமைப்பையும் சுட்டுகின்றன. கைப்பேசி தயாரான நாட்டை இவை காட்டுவதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் தயாரான கைப்பேசியின் எண்ணும் 35 எனத் தொடங்கலாம்.

டிஏசியின் 8 இலக்கங்களுக்கு அடுத்த 6 இலக்கங்கள் வரிசை எண். ஆறு இலக்கங்களில் 10 லட்சம் எண்களே அடங்கும். எனவே அதிகம் விற்பனையாகும் ஒரே மாடலுக்குப் பல டிஏசிகள் பெறப்படுகின்றன.

15ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். எடுத்துக்காட்டாக, 49015420323751 என்ற 14 இலக்கங்களில் இரண்டாவது, நான்காவது என ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். ஈரிலக்கமாக வரும் விடைகளின் இலக்கங்களைத் தனித்தனியே பிரித்து, எல்லாவற்றையும் கூட்டினால் 52 கிடைக்கும். அதை 60 ஆக்கத் தேவைப்படும் 8 என்பதே இறுதி இலக்கம். இது எழுத்துப் பிழையைக் காட்டிக்கொடுக்கும். போலி எண்ணைக் கண்டுபிடிக்க இது மட்டும் போதாது.

இந்தியாவில் பயன்பாடு

முறையான ஐஎம்இஐ இல்லாத கைப்பேசிகளின் இணைப்பு 2009 இறுதியில் இந்தியாவில் துண்டிக்கப்பட்டது. ஆயினும், 13,500க்கும் மேற்பட்ட கைப்பேசிகள் ஒரே எண்ணில் இயங்கியதை 2020இல் மீரட் காவல்துறை கண்டறிந்தது. தொலைத்தொடர்புச் சட்டம், 2023 இவ்வெண்ணைத் திருத்துவதை 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்கியுள்ளது. தொலைந்த கைப்பேசியின் எண்ணை எல்லா நிறுவனங்களின் இணைப்புகளிலும் முடக்கும் வசதி, 2023 மே மாதம் சஞ்சார் சாத்தி வழியாக நாடெங்கும் வந்தது.

பழைய கைப்பேசி வாங்குவோர்

வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே, கடற்கரை ரயில் நிலையத்தை அடுத்துள்ள பர்மா பஜார் போன்ற இடங்களில் பழைய கைப்பேசி வாங்குவோருக்கு டிஏசி நேரடியாகப் பயன்படுகிறது. கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளையும், இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணையும் 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அந்த எண்ணுக்குரிய நிறுவனமும் மாடலும் பதிலாக வரும். கையிலுள்ள கைப்பேசி வேறு மாடலாக இருந்தாலோ, எண் முடக்கப்பட்டது அல்லது போலி எனப் பதில் வந்தாலோ, அதை வாங்காமல் இருப்பதே நல்லது. பணம் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். முடக்கப்பட்ட கைப்பேசியில் எந்த சிம் கார்டைப் போட்டாலும் இணைப்பு கிடைக்காது.