மாஜோங்: எலும்புக் காயிலிருந்து கணிப்பொறித் திரை வரை

விளையாட்டுகள் இருவகைப்படும். ஓடியாடி ஆடுவது ஒன்று. அமர்ந்த இடத்திலேயே மூளைக்கு வேலை கொடுத்து ஆடுவது மற்றொன்று. இரண்டாம் வகையைச் சேர்ந்தது சீன நாட்டில் பிறந்து பல நாடுகளுக்கும் பரவிய மாஜோங். மேசையில் கலைத்து, விரலால் தடவி, வாயால் கூவி ஆடும் இவ்வாட்டம் இன்று இணையத்தின் வழியே ஆடப்படுகிறது. அவ்வாறு மாறும்போது எதை மாற்றலாம்? எதை மாற்றக்கூடாது? கணிப்பொறி அறிவியல் பயிலும் மாணவன் என்ற முறையில் என்னைக் கவர்ந்த கேள்வி இது. நான் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

காய்களும் ஆட்டமும்

ரம்மி ஆடத் தெரிந்தவர்களுக்கு மாஜோங் எளிதில் விளங்கும். நால்வர் ஆடுவர். ஒவ்வொருவர் கையிலும் 13 காய்கள். ஒன்றை எடுக்க வேண்டும். ஒன்றைக் கழிக்க வேண்டும். நான்கு தொகுதிகளும் ஓர் இணையுமாக 14 காய்கள் சேர்ந்தால் வெற்றி. தொகுதி என்பது ஒரே காய் மூன்றாகவோ, ஓரினத்து எண்கள் மூன்று வரிசையாகவோ அமைவது.

காய்கள் மூன்று இனம். வட்டம், மூங்கில், எழுத்து என்பன அவை. ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரை, ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு காய்கள், ஆக 108. திசைக்காற்றுகள் 16, ‘டிராகன்’ எனப்படுபவை 12. இவற்றோடு மலர்களும் பருவங்களுமாக 8 சேர்த்தால் 144. ஜப்பானியர் பெரும்பாலும் மலர்களை நீக்கி 136 காய்களோடு ஆடுவர். அமெரிக்கர் 8 ஜோக்கர்களைச் சேர்த்து 152 ஆக்கிக்கொண்டனர்.

உண்மையில் வட்டம் என்பது நாணயம். மூங்கில் என்பது நாணயங்களைக் கோத்த சரம். எழுத்து என்பது பதினாயிரத்தைக் குறிப்பது. இம்மூன்றும் பழைய சீனச் சீட்டுக்கட்டுகளிலிருந்து வந்த பணக் குறிகள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை எலும்பு முகமும் மூங்கில் முதுகும் கொண்ட காய்களில் ஏறின. ஆக, மாஜோங் காயே ஒரு மறுவடிவந்தான்.

மூலையில் ஓர் எண்

அடுத்த பெரிய மாற்றத்தைச் செய்தவர் ஜோசப் பார்க் பாப்காக். ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் பணியில் சீனாவின் சுஜோ நகரில் வாழ்ந்த அமெரிக்கர் அவர். 1920இல் ஆங்கிலத்தில் ஒரு விதிநூல் வெளியிட்டார். சீன எழுத்து அறியாதவரும் ஆடும் பொருட்டு, காயின் மூலையில் 1, 2, 3 என்ற எண்களையும் ஆங்கில எழுத்துகளையும் பொறிக்கச் செய்தார். 1920களில் அமெரிக்காவையே மாஜோங் மோகம் ஆட்டிவைத்ததற்கு இச்சிறு எண்களும் ஒரு காரணம். பழைய படத்தை அவர் அழிக்கவில்லை. அதன் அருகில் புதியவருக்கு ஒரு வாயில் திறந்தார் என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

திரை ஏறிய வரலாறு

1981இல் பிராடி லாக்கார்டு என்னும் அமெரிக்க இளைஞர் ‘பிளேட்டோ’ என்ற கணிப்பொறி அமைப்பில் மாஜோங் காய்களைக் கொண்டு ஓர் ஆட்டம் அமைத்தார். ஜிம்னாஸ்டிக்ஸ் விபத்தில் கைகால் செயலிழந்தவர் அவர். வாயில் குச்சியைப் பிடித்துத் தட்டச்சு செய்தார் என அறியும்போது வியப்பு மேலிடுகிறது. 1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதனை ‘ஷாங்காய்’ என்ற பெயரில் வெளியிட்டது. ஒருவரே அமர்ந்து ஒத்த காய்களை இணையிணையாக நீக்கும் ஆட்டம் இது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த ‘மாஜோங் டைட்டன்ஸ்’ இதன் வழிவந்ததே. நம்மில் பலர் அறிந்த மாஜோங் இதுதான். ஆனால் நால்வர் ஆடும் ஆட்டம் வேறு.

2008இல் ஒருங்குறித் தரத்தில் மாஜோங் காய்களுக்கென 44 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 34 வகைக் காய்கள், 8 மலர் பருவங்கள், ஒரு ஜோக்கர், காயின் முதுகு ஒன்று. ஆம், முதுகுக்கும் ஓர் இடம்! அதன் சிறப்பைப் பின்னர்க் காண்போம்.

முகம் தெளிவாக இருத்தல்

காயைப் புதிதாக வரைபவர் முதலில் எண்ண வேண்டியது கண்ணை. பழகியவர் மூங்கில் எட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. சாய்ந்த கோடுகளின் உருவத்தைக் கண்டே அறிகிறார். மூங்கில் ஒன்றில் குச்சிக்குப் பதில் ஒரு பறவை இருக்கும். இவற்றை அழகுக்காகக் கலைத்துவிட்டால் ஆட்டத்தின் வேகம் கெடும். கைப்பேசியின் சிறு திரையில் 14 காய்கள் ஒரே வரிசையில் நிற்கையில், நுண்ணிய வேலைப்பாடு வெறும் புள்ளியாகிவிடும். அங்கே பாப்காக்கின் மூலை எண் மீண்டும் உதவுகிறது.

வண்ணமும் அவ்வாறே. அமெரிக்கக் காய்கள் பலவற்றில் சிவப்பு டிராகனும் பச்சை டிராகனும் ஒரே படம். வண்ணம் ஒன்றே வேறுபாடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுடையவர் என்ன செய்வார்? மூலையில் ஓர் எழுத்தைச் சேர்த்தால் அவரும் ஆட்டத்தில் அமரலாம்.

முதுகு ஒத்திருத்தல்

நானும் விடுதி நண்பர்கள் மூவரும் பின்புறம் வெறுமையாயிருந்த திருமண அழைப்பிதழ்களை வெட்டி 136 காய்கள் செய்து ஆடினோம். மூன்றாம் நாளே மடங்கிய மூலையைப் பார்த்து, “அது சிவப்பு டிராகன்” என்று ஒரு நண்பர் சொல்லிவிட்டார்! முகம் எவ்வளவு அழகாயிருந்தும் முதுகு காட்டிக்கொடுத்தால் ஆட்டம் இல்லை.

இணையத்தில் முதுகு என்பது வெறும் படமன்று. நால்வர் காய்களையும் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் அனுப்பிவிட்டுத் திரையில் மட்டும் மறைத்தால், தொழில் தெரிந்தவன் உள்ளே நுழைந்து படித்துவிடுவான். எனவே நடுவிலுள்ள கணிப்பொறி அவரவர்க்கு அவரவர் காயை மட்டுமே அனுப்ப வேண்டும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒருவர் கழித்த காயை, கையில் அதன் இணை உள்ளவர் “பங்” எனக் கூவி எடுக்கலாம். இணையத்தில் அவர் விடைக்காக ஆட்டம் சற்று நிற்கும். அந்தத் தயக்கமே, யாரிடமோ இணை இருக்கிறது என்பதைச் சொல்லிவிடும்! ஒவ்வொரு காய்க்கும் ஒரே அளவு இடைவெளி விடுவது இதற்கு ஒரு தீர்வு. காலமும் ஒரு முதுகுதான் போலும்.

கலைத்தல் நேர்மையாக இருத்தல்

மேசையில் நான்கு பேர் கைகளும் காய்களைக் கலைக்கின்றன, அனைவரும் காண்கிறார்கள். கணிப்பொறியில் கலைப்பதை யார் கண்டார்? நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 136 காய்களை அடுக்கும் வெவ்வேறு முறைகளின் எண்ணிக்கை 186 இலக்கம் கொண்டது. ஆனால் 32 இருமை இலக்கங்கொண்ட ஒரே ‘விதை எண்’ணிலிருந்து கலைத்தால், கிடைக்கக்கூடிய அடுக்குகள் ஏறத்தாழ 429 கோடிதான். அவற்றை ஒரு கணிப்பொறி ஒவ்வொன்றாகத் தேடி அடுத்த காயை முன்கூட்டியே அறிய முடியும். எனவே விதை பெரிதாக இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்தபின் அதனை வெளியிட்டு, விரும்புவோர் சரிபார்க்கவும் இடந்தர வேண்டும்.

மூலத்தை மதித்தல்

2021 ஜனவரியில் அமெரிக்காவின் டாலஸ் நகர நிறுவனம் ஒன்று, பழைய குறிகள் பலவற்றை நீக்கித் தன் விருப்பப் படங்கள் வரைந்த காய்களை 325 முதல் 425 டாலர் வரை விலை வைத்து விற்றது. மரபுக் காய்களைக் குறைத்துப் பேசுவதாகக் கண்டனம் எழ, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இது வெறும் பட வழக்கன்று. ஹாங்காங்கில் இன்றும் கையால் காய் செதுக்கும் முதியோர் உளர்; அரசு 2014இல் வெளியிட்ட மரபுக் கலைப் பட்டியலில் அத்தொழிலும் உண்டு. தேர்ந்த ஆட்டக்காரர் அவர்கள் செதுக்கிய காயைக் கட்டைவிரலால் தடவியே இன்னதென்று சொல்லிவிடுவர். அந்தத் தடவலை எந்தத் திரையும் தர இயலாது.

ஆகவே என் கருத்து இது: காயின் முகத்தைத் தாராளமாகப் புதுப்பிக்கலாம். ஆனால் முகம் எவர் கண்ணுக்கும் விளங்க வேண்டும். முதுகு எதையும் காட்டிக்கொடுக்கக்கூடாது. கலைத்தல் ஐயத்திற்கு இடமின்றி இருக்க வேண்டும். சரமும் நாணயமும் யாருடையவை என்பதும் மறக்கப்படலாகாது. நாளை ஏதேனும் ஓர் ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவர நம் கல்லூரி மாணவர் எவரேனும் முனைந்தால், படம் வரையுமுன் அந்த ஆட்டக்காரர்களோடு ஒருநாள் அமர்ந்து ஆடிப் பார்க்கட்டும்.