எண் இறங்கும், நட்சத்திரம் ஏறும்

கன்னியாகுமரியில் வானம் தெளிந்த ஓர் இரவில் கடலுக்கு முதுகைக் காட்டி வடக்கே பார்த்து நில்லுங்கள். கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கி, முஷ்டியின் அடிவிளிம்பைத் தொடுவானத்தோடு ஒட்டி வையுங்கள். துருவ நட்சத்திரம் அந்த முஷ்டிக்குப் பின்னாலேயே ஒளிந்திருக்கும். நீட்டிய கையில் ஒரு முஷ்டி என்பது ஏறத்தாழ 10 பாகை. குமரியில் அந்த நட்சத்திரம் 8 பாகை உயரத்தில்தான் நிற்கிறது.

இதே ஊரில் தொடங்கும் ஒரு சாலையில் ஏறி, இரவெல்லாம் பகலெல்லாம் வடக்கே போய்க்கொண்டே இருந்தால் அந்த நட்சத்திரமும் கூடவே மேலேறும். வடக்கே 111 கிலோமீட்டருக்கு ஒரு பாகை. நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். மதுரை வரும்போது இரண்டு சுண்டுவிரல் ஏறியிருக்கும். சாலை முடியும் ஸ்ரீநகரில் அது 34 பாகை உயரத்தில், மூன்றரை முஷ்டி மேலே நிற்கும். இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலையான எண் 44-இன் நீளத்தை வானத்தில் அளந்தால் இவ்வளவு. தரையில் அளந்தால் 3,700 கிலோமீட்டருக்கு மேல்.

நட்சத்திரம் ஏறுவது இயற்கையின் ஏற்பாடு. அதற்கு எதிர்த்திசையில் இறங்கும் இன்னொன்று மனிதர்களின் ஏற்பாடு. அதைப் பார்க்க இரவு வேண்டாம், வழியிலுள்ள பெயர்ப்பலகைகளே போதும். மதுரையில் இந்தச் சாலையைச் சந்திப்பது கொச்சியிலிருந்து தொண்டிக்குப் போகும் 85. திண்டுக்கல்லில் 83. கரூரில் 81. சேலத்தில், உளுந்தூர்பேட்டைக்குப் பிரியும் 79. கிருஷ்ணகிரியில் திண்டிவனம் சாலை 77. பெங்களூரில் 75. யாரோ மேலிருந்து எண்ணிக்கொண்டே இறங்குவதுபோல இருக்கிறதல்லவா?

எண்ணிக்கொண்டேதான் இறங்கியிருக்கிறார்கள். 2010-இல் இந்திய நெடுஞ்சாலைகள் எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்தபோது வகுத்த விதி மிக எளிமையானது. கிழக்கு மேற்காகப் போகும் சாலைக்கு ஒற்றைப்படை எண். வடக்கே சிறியது, தெற்கே போகப்போகப் பெரியது. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கே சிறியது, மேற்கே போகப்போகப் பெரியது. தமிழ்நாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கிழக்குக் கடலோரம் 32, திருச்சி வழியாகத் தூத்துக்குடி போவது 38, நடுவில் நம்முடைய 44, மலையைத் தாண்டி மேற்குக் கடலோரம் 66. ஒரு சந்திப்பில் நிற்கும் இரண்டு எண்களை மட்டும் சொன்னால் போதும், நாட்டின் எந்த மூலையில் நிற்கிறீர்கள் என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம்.

மூன்று இலக்க எண்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. சேலத்தில் பிரிந்து கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போவது 544. திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைப்பது 744. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகத் தருமபுரிப் பக்கம் வருவது 844. மூன்றும் 44-இன் கிளைகள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் தகப்பனைச் சொல்வதுபோல, இங்கே கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைச் சொல்கிறது.

சொல்லப்போனால் 44 ஒரே மூச்சில் போட்ட சாலையே அல்ல. பழைய கணக்கில் 1ஏ, 1, 2, 3, 75, 26, 7 என்று ஏழு நெடுஞ்சாலைகளின் துண்டுகளை முடிந்து உருவாக்கிய ஒற்றைக் கயிறு அது. குமரி முதல் மத்தியப் பிரதேசத்தின் லக்னாதோன் வரை பழைய 7. அந்த 7 வாரணாசியில் தொடங்கியது. டெல்லி–ஆக்ரா துண்டும் பெங்களூரு–கிருஷ்ணகிரி துண்டும் தங்க நாற்கரச் சாலையிலும் பங்காளிகள்.

கரூருக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, பரமத்தி வேலூர் அருகே காவிரியைத் தாண்டும்போது எதிரே வரும் வண்டிகளைக் கவனியுங்கள். சில லாரிகளுக்கு உடம்பே இருக்காது. இஞ்சின், சக்கரம், இரண்டு நீள இரும்புச் சட்டம், அவ்வளவுதான். கதவும் கூரையும் இல்லாத இருக்கையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காற்று முகத்தில் அறைய ஓட்டுநர் உட்கார்ந்திருப்பார். அதுதான் சேஸ். தொழிற்சாலை அதோடு நிறுத்திக்கொள்ளும். மீதியை நாமக்கல் பட்டறைகள் கட்டும். லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர் என்பது தொழில் தெரிந்தவர்கள் கணக்கு. சாலைக்கு வேண்டிய வண்டியைச் சாலையோரமே பெற்றெடுக்கிறது.

சேலம் தாண்டித் தருமபுரி நோக்கி ஏறினால் தொப்பூர் கணவாய். நமக்கு ஏற்றம், எதிரே வருபவர்களுக்கு இறக்கம். ஆபத்து இறக்கத்தில்தான். சரக்கோடு 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்குவதாக வையுங்கள். அந்த இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றலுக்குச் சாதாரணத் தண்ணீர் 80 லிட்டரைக் கொதிக்கவைக்கும் வலு உண்டு. வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால் அந்த ஆற்றல் எங்காவது வெப்பமாகக் கரைந்தாக வேண்டும். கீழ் கியரில் இறங்கினால் பெரும்பங்கை இஞ்சினே வாங்கிக்கொள்ளும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பிரேக் டிரம் பழுக்கச் சூடேறும், உராய்வு குறையும், மிதித்தாலும் பிடிக்காது. “ஏறின கியர்லயே இறங்கணும்” என்று அனுபவப்பட்ட ஓட்டுநர்கள் சொல்வது இயற்பியல் பாடம்தான்.

பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஹைதராபாத், நாக்பூர் என்று தக்காணத்தின் முதுகில் சாலை நேரே ஏறிப்போகிறது. துங்கபத்ரா, கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை என வரிசையாக ஆறுகள் காலடியில் கடக்கின்றன. தீர்க்கரேகை, அதாவது பூமியின்மேல் வடக்கு தெற்காக ஓடும் கற்பனைக் கோடு, இந்தச் சாலை விஷயத்தில் ஒரு வேடிக்கை காட்டுகிறது. குமரி முதல் டெல்லி வரை 77 பாகைக்கும் 80 பாகைக்கும் நடுவிலேயே சாலை அடங்கிவிடுகிறது. அந்தப் பட்டைக்குள் சாலை கிழக்கு மேற்காக விலகும் அகலம் 250 கிலோமீட்டர்போல. சென்னையிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் தூரம். அதனால் டெல்லி வரையிலான இவ்வளவு நீளத்திலும் உச்சிவெயில் நேரம் ஊருக்கு ஊர் பத்து நிமிடத்துக்கு மேல் மாறுவதில்லை.

இந்த நேர்கோட்டின் அருமை 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருந்தது. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னை பரங்கிமலை அருகே சங்கிலியால் தரையை அளந்து தொடங்கிய நில அளவை, பிறகு 78 பாகைக் கோட்டை ஒட்டிக் குமரியிலிருந்து வடக்கே நீண்டது. அரை டன் எடையுள்ள கோணமானியைக் குன்றுகளிலும் கோபுரங்களிலும் ஏற்றி முக்கோணம் முக்கோணமாக அளந்து போனார்கள். பூமி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். 1823-இல் லாம்டன் வேலை நடுவிலேயே இறந்த ஊர் மராட்டியத்தின் ஹிங்கன்காட். இன்று 44 அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

நாக்பூருக்கு வடக்கே சாலை தரையிலிருந்து எழும்பித் தூண்கள்மேல் ஓடும். கீழே ஆறும் இல்லை, ரயில் பாதையும் இல்லை. அது பெஞ்ச் புலிக்காடு. மராட்டியப் பகுதியில் சுமார் 16 கிலோமீட்டருக்குள், விலங்குகள் கீழே கடப்பதற்காக ஒன்பது பாலங்களும் சுரங்க வழிகளும் கட்டியிருக்கிறார்கள். மிகப் பெரியதன் நீளம் 750 மீட்டர். விலங்குகளுக்குப் பலகை வைத்து வழிசொல்ல முடியாதே, பயன்படுத்துமா? 2019-இல் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்திப் பார்த்தார்கள். 18 வகைக் காட்டுயிர்கள் படத்தில் சிக்கின. ஒவ்வொரு புலியின் வரியும் நம் கைரேகைபோலத் தனித்தனி. வரிகளை ஒப்பிட்டதில் 11 புலிகள் அந்த வழியே போய்வந்தது தெரிந்தது. மேலே லாரி, கீழே புலி. ஒன்றுக்கொன்று பார்க்காமலே இரண்டு போக்குவரத்து.

நர்சிங்பூருக்கும் சாகருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு வாசல்: கடகரேகை. அதற்குத் தெற்கே, கோடையில் சில நாட்களாவது உச்சிவேளை நிழல் தெற்குப் பக்கம் விழும். அதைத் தாண்டிவிட்டால் ஆண்டு முழுவதும் உச்சிவேளை நிழல் வடக்கேதான். இதற்குள் குறுக்குச் சாலைகளின் எண்ணும் வெகுவாக இறங்கியிருக்கும். ஹைதராபாத்தில் 65, நாக்பூரில் 53, ஜான்சியில் 27, ஆக்ராவில் 19.

டெல்லிக்கு அப்பால் கர்னால், அம்பாலா பக்கம் வயல் நடுவே கூம்பிய செங்கல் தூண்கள் தென்படும். கோஸ் மினார் என்பார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டருக்கு ஒன்றாக முகலாயர் காலத்தில் எழுப்பிய தூரக்கற்கள். குதிரையில் போகிறவன் தொலைவிலிருந்தே பார்க்க வேண்டும் என்பதால் அந்த உயரம். இன்றைய மஞ்சள் தலைக் கிலோமீட்டர் கல்லுக்கு அவை முப்பாட்டன்.

ஜலந்தரில் 3. அதன் பிறகு இமயமலை. மலையில் சாலைக்கு இரண்டே வழி: ஏறி இறங்குவது, அல்லது துளைத்துப் போவது. கழுத்தருகே துளைத்தால் சுரங்கம் குட்டை, ஆனால் அங்கே பனி காத்திருக்கும். இடுப்பில் துளைத்தால் பனித்தொல்லை குறைவு, ஆனால் சுரங்கம் நீளம். 1956-இல் பனிஹாலில் திறந்த ஜவாஹர் சுரங்கம் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் 2.85 கிலோமீட்டர். 2021-இல் போக்குவரத்துக்குத் திறந்த புதியது அதைவிட 400 மீட்டர் தாழ்வாக, 8.45 கிலோமீட்டர். இதற்குத் தெற்கே, 2017-இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கம் 9 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு, 41 கிலோமீட்டர் மலைச்சுற்றை ஏறத்தாழ 11 ஆக்கியது. அதன் பக்கத்திலேயே ஒரு தப்பிக்கும் சுரங்கம். இரண்டையும் 29 குறுக்கு வழிகள் இணைக்கின்றன. எங்கே தீப்பிடித்தாலும் சில நிமிட நடையில் ஒரு கதவு.

ஸ்ரீநகரில் குறுக்கே வரும் சாலையின் எண் 1. இதற்குக் கீழே இறங்க எண் இல்லை. துருவ நட்சத்திரமோ மூன்றரை முஷ்டி உயரத்தில்.

இப்போது திசையைத் திருப்புங்கள். ஆப்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஒரு நாமக்கல் லாரி தெற்கே கிளம்புகிறது. 1, 3, 19, 27, 53 என்று எண்கள் ஏற ஏற, பின்னால் நட்சத்திரம் தாழ்ந்துகொண்டே வருகிறது. 75 தாண்டி, 77 தாண்டி, தொப்பூரைக் கீழ் கியரில் நிதானமாக இறங்கினால் சேலத்தில் 79. கரூரின் 81 இன்னும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது வீடு.