காவற்கலம் சாகும் விதம்

காசநோய்க் கிருமி நுரையீரலை அரித்துத் தின்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் பசறைத் தோட்டத்து லயத்திலும் பதுளை நகரத்து வீட்டிலும் அது முதலில் குறிவைப்பது நம் காவற்கலத்தைத்தான். மூச்சோடு நுழையும் கிருமியைப் பெருவிழுங்கி எனும் இந்தக் காவற்கலம் விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கிறது. வழக்கமாக அந்தப் பையோடு அமிலமும் நொதியும் நிறைந்த இன்னொரு பை சேர, கிருமி செரித்துப்போகும். காசநோய்க் கிருமியோ அந்தச் சேர்க்கையைத் தடுத்து உள்ளேயே பெருகுகிறது. பிறகு பையின் சவ்வைக் கிழிக்கிறது. அது வெளிவிடும் நச்சுப் புரதம் ஒன்று, கலம் சக்தி பெறத் தேவையான மூலக்கூறைச் சிதைத்துக் கலத்தையே கொல்கிறது. கலத்தின் சாவு இரு விதம். தானாக ஒடுங்கி அடங்கும் கலம் கிருமியையும் தன்னோடு கட்டிவைக்கும். அதை அயற்கலங்கள் அள்ளி அழிக்கும். இந்த நச்சால் வெடித்துச் சாகும் கலமோ கிருமியையும் நொதியையும் சுற்றிலும் கொட்டும். அங்கே திசு பாலாடைக்கட்டிபோல் அழுகிக் குழியாகும். குழி மூச்சுக்குழலைத் தொட்டதும் இருமலோடு கிருமி அடுத்தவரைத் தேடிப் போகும்.

பையின் சவ்வு கிழிவது கிருமி பெருகுவதன் தற்செயலான விளைவாக இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். பதில் நம் குழந்தைகளின் கையிலுள்ள பி.சி.ஜி. தழும்பில் இருக்கிறது. பிரான்சில் கல்மெட்டும் கெரனும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள் திரும்பத் திரும்ப வளர்த்து, 1921இல் அதைத் தடுப்பூசியாக்கினர். அப்படி வளர்ந்ததில் அது இழந்த மரபணுக்களில், சவ்வைக் கிழிக்கும் கருவிக்கானவையும் இருந்தன. அவற்றை ஆய்வாளர் மீண்டும் சேர்த்தபோது, முழுதாக இல்லாவிட்டாலும், அதன் வீரியம் கூடியது. ஆகவே கிழிப்பது அதன் ஆயுதம்.

'காற்றோட்டமில்லாத லயன் காம்பராவும் வறுமையும்தானே காரணம், கலத்தைப் பேசி என்ன பயன்?' என்பது நியாயமான கேள்வி. இரண்டும் ஒரே கதைதான். நெரிசல் உள்ளே போகும் கிருமியைக் கூட்டுகிறது; அரைவயிற்று உணவும் அடுப்புப் புகையும் காவற்கலத்தைத் தளர்த்துகின்றன. தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளியாவோர் 5 முதல் 10 சதவீதமே. அதாவது பெரும்பாலும் காவலே வெல்கிறது. அந்தக் காவலுக்குத் துணை நிற்பவைதான் சன்னலும் சத்துணவும். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்வது, காவல் தோற்ற இடத்தில் கிருமி அடுத்தவரைத் தேடிப் போகுமுன் கண்டுபிடிக்கவே. மாத்திரை ஆறு மாதம் நீள்வதற்கும் நியாயம் உண்டு: இருமல் நின்ற பிறகும், மெதுவாக வளரும் கிருமிகள் கலங்களுக்குள் பதுங்கியிருக்கின்றன. பாதியில் நிறுத்தினால் அவற்றுக்கு நாமே கதவைத் திறந்துவிடுகிறோம்.