கேமிங் லேப்டாப்பின் ஆயுட்காலம்

கொல்லிமலையின் அடிவாரத்துக் காரவள்ளியிலோ, அதற்கு முன்னால் பேருந்து நின்று புறப்படும் காளப்பநாயக்கன்பட்டியிலோ, சேந்தமங்கலத்திலோ வாழும் ஒரு குடும்பத்துப் பிள்ளை, பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த மகிழ்ச்சியோடு, படிப்புக்கு மட்டுமன்றி விளையாட்டுக்கும் பிரயோஜனப்படும் கேமிங் லேப்டாப் ஒன்று வேண்டுமென்று விண்ணப்பம் செய்யும்போது, அவ்வீட்டுத் தகப்பனார் முதலில் விசாரிப்பது அதன் வேகத்தையோ நிறத்தையோ அன்று, "இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்பதே அவருடைய வினா. லாரிக்குப் பாடி கட்டுவதிலும் கோழிப்பண்ணை நடத்துவதிலும் பெயர் பெற்ற நாமக்கல் ஜில்லாவில், போட்ட முதலுக்கு எத்தனை ஆண்டு பலன் உண்டென்று எண்ணிப் பாராமல் ஒருவர் பெரும்பொருள் கொடுத்து ஒரு யந்திரத்தை வாங்குவது அபூர்வம். ஆனால் அந்த நியாயமான வினாவுக்குக் கடைக்காரர் தரும் விடை, பெரும்பாலும், "அதெல்லாம் நல்லா உழைக்குங்ண்ணா" என்பதோடு நின்றுவிடுகிறது.

சட்டத்தைக் கேட்டால் அது தயக்கமின்றி ஓர் எண்ணைச் சொல்லும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தினுடைய இரண்டாம் அட்டவணை, மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் 3 ஆண்டு உபயோக காலம் என்றும், சர்வர்களுக்கு 6 ஆண்டு என்றும் வகுத்திருக்கிறது. வருமான வரி விதிகளோ கணினியின் மதிப்பில் ஆண்டுதோறும் 40 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள இடந்தருகின்றன. அதன்படி 1,00,000 ரூபாய்க்கு வாங்கிய யந்திரம் மூன்றாம் ஆண்டின் முடிவில் ஏட்டில் 21,600 ரூபாயாக மெலிந்து நிற்கும். கணக்கப்பிள்ளைக்கு இது போதுமானது. வீட்டில் உபயோகிப்பவருக்கு இது போதாது. ஏனெனில் ஏட்டில் மடிந்த யந்திரம் மேசையின்மீது ஜீவனோடு ஓடிக்கொண்டிருப்பதை நாம் நித்தமும் காண்கிறோம். என் அபிப்பிராயத்தில், நடுத்தர விலையில் விவேகத்தோடு தேர்ந்து, ஒழுங்காகப் பராமரித்த கேமிங் லேப்டாப், புதிதாக வெளிவரும் விளையாட்டுகளை ஐந்து ஆண்டுகளும், ஏனைய வேலைகளையும் பழைய விளையாட்டுகளையும் ஏழெட்டு ஆண்டுகளும் தாங்கும். அசிரத்தையாகக் கையாண்டால் சட்டம் சொன்ன மூன்றாண்டே மெய்யாகிவிடும்.

இவ்வளவு வித்தியாசம் எதனால் விளைகிறதென்றால், முதற் காரணம் உஷ்ணம். ஒரு சாதாரண மடிக்கணினி எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் சொற்ப மின்சாரத்தோடு திருப்தியடைகிறது. கேமிங் லேப்டாப்பிலோ பிராசஸருக்கு 45 வாட்டும் அதற்கு மேலும், கிராபிக்ஸ் சிப்புக்குப் பல மாதிரிகளில் 100 வாட் அளவுக்கும் மின்சாரம் பாய்ந்து, அத்தனையும் இறுதியில் வெப்பமாக மாறி, இரண்டு விரற்கடை கனமுள்ள பெட்டிக்குள்ளிருந்து இரண்டு சிறு ஃபேன்களால் வெளியே தள்ளப்பட வேண்டியிருக்கிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் ஏறும் பாரவண்டி, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முனகிக்கொண்டே செல்லும்போது, எஞ்சின் கொதித்தால் ஓட்டுநர் வேகத்தைத் தணித்துக்கொள்வது எப்படியோ, அப்படியே பிராசஸரும் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. விளையாடுபவர் "பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் லேக் அடிக்குது" என்று முறையிடுவது இதைத்தான். முறையீடு உண்மை, ஆனால் அதிலிருந்து அவர் வருவிக்கும் "லேப்டாப் பழசாகிவிட்டது" என்ற முடிவு பல சமயங்களில் உண்மையன்று.

ஃபேனின் இறகுகளுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவே வெப்பத்தைக் கடத்துவதற்காகத் தடவிய தெர்மல் பேஸ்ட் இரண்டு மூன்று ஆண்டுகளில் உலர்ந்தும் ஓரங்களுக்கு ஒதுங்கியும் போயிருக்கும். சர்வீஸ் கடையில் பின்மூடியைக் கழற்றித் தூசி ஊதி, புது பேஸ்ட் தடவிக் கொடுத்தால், தலைமுழுக நினைத்த யந்திரம் பழைய வேகத்தோடு எழுந்து நிற்பதுண்டு. தூசி அடைத்த ஒரே குற்றத்துக்காகப் பாதி விலைக்கும் குறைவாக விற்றுத் தள்ளப்பட்ட லேப்டாப்புகள் இந்நாட்டில் கொஞ்சமல்ல என்பது என் ஊகம். மெத்தையின் மேலும் தலையணையின் மேலும் வைத்து விளையாடும் வழக்கம் அடிப்பக்கத்துக் காற்று வழியை அடைத்துவிடுவதால், அந்த ஒரு வழக்கத்தை விட்டொழித்தாலே யந்திரத்துக்குப் பெரிய உபகாரம் செய்தவராவோம். கோடையில் நாமக்கல் சமவெளியின் அனல் அறைக்குள் புகுந்தால், அறைவெப்பம் கூடிய அளவுக்கே ஏறத்தாழ யந்திரத்தின் உள்வெப்பமும் உயரும். கொல்லிமலையின் மேலுள்ள செம்மேட்டில் குளிர் இருக்கிறதே, அங்கே சௌகரியமாக ஓடாதா என்று கேட்கலாம். ஓடும், ஆயினும் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்று சுமார் பத்தில் ஒரு பங்கு லேசாகிவிடுவதால், ஃபேன் வாரிச் செல்லும் வெப்பமும் குறைகிறது. மலைக்குளிர் தரும் லாபத்தில் பெரும்பகுதி அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவதிலேயே கழிந்துவிடும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டிய ஒரு சூட்சுமமும் இவ்வுஷ்ண விஷயத்தைச் சார்ந்ததே. ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரைத் தாங்கிய லேப்டாப் கிராபிக்ஸ் சிப்பை, உற்பத்தியாளர் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரையில் தம் பெட்டியின் வசதிக்கேற்ப ஓட்டிக்கொள்ளலாம். ஆகவே பெயர் ஒன்றாயிருந்தும் மெல்லிய அழகான பெட்டியிலுள்ளது பின்தங்கியும், கனத்த அவலட்சணமான பெட்டியிலுள்ளது முந்தியும் நிற்பது உண்டு. ஆயுளை விரும்புகிறவர் அவலட்சணத்தைத் தேர்ந்தெடுப்பாராக.

பேட்டரியின் கதை வேறு. லித்தியம் அயான் பேட்டரி, 300 முதல் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகு தன் கொள்ளளவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை இழப்பது இயல்பு. ஆனால் கேமிங் லேப்டாப் எப்போதும் சார்ஜர் செருகிய நிலையிலேயே ஓடுவதால், அதன் பேட்டரியை அழிப்பது உழைப்பைக் காட்டிலும், 100 சதவீதம் நிறைந்தபடி உஷ்ணத்தில் கிடக்கும் சோம்பலேயாகும். இதையறிந்தே ஆசஸ், லெனோவோ, ஏசர் முதலிய கம்பெனிகள், 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திக்கொள்ளும் வசதியைத் தம் மென்பொருளில் வைத்திருக்கின்றன. வாங்கிய அன்றே அதை இயக்கி வைப்பவர் மிகச் சிலர். டச்பேட் மேலெழும்பி வந்தாலோ, கீழ்மூடி பிதுங்கினாலோ, பேட்டரி உப்பிவிட்டதென்று உணர்ந்து உடனே மாற்ற வேண்டும். பேட்டரியும், சார்ஜரும், மூடியின் கீலும், கீபோர்டும் மாற்றத்தக்க உறுப்புகள், ரேமும் எஸ்.எஸ்.டி.யும் பெரும்பாலான மாதிரிகளில் கூட்டத்தக்கவை. மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்ட பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் மட்டும் மாற்ற முடியாதவை. அவற்றுள் ஒன்று செத்தால் லேப்டாப்பும் செத்ததென்றே கொள்ளலாம்.

உடல் நலமாயிருந்தும் யந்திரம் வலிமையற்றதாகிவிடும் தருணம் ஒன்றுண்டு. அது விளையாட்டுகளை ஆக்குவோரின் கையில் இருக்கிறது. அவர்கள் தங்கள் அளவுகோலைப் பெரும்பாலும் டி.வி.யோடு இணைத்து ஆடும் கன்சோல்களைக் கொண்டே நிர்ணயிக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013-இல், பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020-இல், இடையே ஏழாண்டுகள். ஒரு கன்சோல் தலைமுறையின் தொடக்கத்துக்குப் பிறகு, அதற்கு நிகரான வலிமையோடு வாங்கிய லேப்டாப் அத்தலைமுறை முழுதும் தாக்குப்பிடிக்கும். தலைமுறையின் வாலில் வாங்கியது, புதியதாயிருந்தும், சீக்கிரம் கிழமாகும். 2016-இல் வெளிவந்த ஜி.டி.எக்ஸ். 1060 என்ற சிப், பல ஆண்டுகள் ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தின் கணக்கெடுப்பில் உலகத்தார் அதிகமாய் உபயோகித்ததாக முதலிடம் வகித்து, 2022-இன் இறுதியில்தான் அவ்விடத்தை விட்டு இறங்கிற்று. 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டும், 2025 மே மாதத்தில் வந்த டூம் விளையாட்டும், ரே டிரேசிங் என்னும் ஒளிக்கதிர்க் கணக்கைச் செய்யும் சிப் இல்லாத யந்திரங்களுக்குக் கதவையே திறக்கவில்லை. அக்கணக்கைச் செய்யும் உறுப்பு இல்லாத 1060-க்கும் அங்கே இடமில்லை; ஆனால் எட்டாண்டு வாழ்ந்த ஒரு சிப்புக்கு அது அகால மரணமன்று.

மென்பொருள் யுக்திகள் ஆயுளை நீட்டுவதும் உண்டு. 2018-இல் தொடங்கிய ஆர்.டி.எக்ஸ். 20 வரிசைச் சிப்புகளுக்கு, படத்தைச் சிறியதாய் வரைந்து பெரியதாய்த் துலக்கிக் காட்டும் டி.எல்.எஸ்.எஸ். என்ற உபாயத்தின் புதிய, மேம்பட்ட வடிவம் 2025 ஜனவரியிலும் கிடைத்தது. இன்றைய நிலையில் பலரும் முதலில் முட்டிக்கொள்ளும் சுவர், சிப்பின் வேகம் அன்று. கிராபிக்ஸ் நினைவகத்தின் போதாமை. 4 ஜி.பி. உள்ள சிப்பைப் புதிதாக இன்று வாங்குவது வீண்; 8 ஜி.பி. நடுத்தரக் குடும்பத்துக்குப் போதுமானது. அதற்கு மேல் கிடைத்தால் ஆண்டு இரண்டு கூடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, என்ன விளையாடுகிறோம் என்பதொன்று உண்டு. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் லட்சக்கணக்கான மாணவர் கைக்கு வந்த லேப்டாப்புகள், விளையாட்டுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. தனி கிராபிக்ஸ் சிப் அவற்றில் இல்லை. இருந்தும், 2003-இல் கணினிக்கு வந்த வைஸ் சிட்டி என்ற விளையாட்டை அவற்றில் ஓட்டி, பாடப்புத்தகத்தை மறந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். வேலரண்ட், கவுன்டர் ஸ்டிரைக், 2015-இல் கணினிக்கு வந்த ஜி.டி.ஏ. ஐந்து முதலியவற்றோடு திருப்தியடைபவர், புதிய யந்திரத்துக்கு அவசரப்பட வேண்டிய நிர்ப்பந்தம் ஏதுமில்லை.

இனி, யந்திரமும் திடமாய், ஆசையும் அளவாய் இருக்க, காகித உத்தரவொன்றால் வயோதிகம் விதிக்கப்படும் விநோதத்தையும் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல் வகையில், சில விலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறைப் பிராசஸர். ஆகவே 2017-இல் ஏழாம் தலைமுறைப் பிராசஸரோடு வாங்கிய உயர்ந்த கேமிங் லேப்டாப், சாமானிய வேலைகளை இன்றும் சுறுசுறுப்பாய்ச் செய்யவல்லதாயிருந்தும், வாசலில் நிறுத்தப்படுகிறது. இதை நான் நியாயமென்று கருதவில்லை. என்விடியா நிறுவனமும் தான் செய்த ஜி.டி.எக்ஸ். 900, 10 வரிசைச் சிப்புகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் அளிப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்தி, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாக அறிவித்திருக்கிறது. இத்தகைய யந்திரத்தை வைத்திருப்பவர் லினக்ஸுக்கு மாறலாம். நம் அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு கூடவே வந்த, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை நம் பிள்ளைகள் அலட்சியம் செய்தார்கள் என்றாலும், இன்று ஸ்டீம் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் புரோட்டான் என்ற கருவியால் விண்டோஸ் விளையாட்டுகளில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுகின்றன. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் பிடிவாதம் செய்யும் வேலரண்ட் போன்ற சிலவே ஓடமாட்டா.

ஆகவே தகப்பனாருக்கு என் யோசனை இது: உச்ச விலைக்கு ஒன்றை வாங்கிப் பத்தாண்டு ஓட்டலாமென்று மனப்பால் குடிக்க வேண்டாம், அதே பணத்தில் நடுத்தர யந்திரம் ஒன்றை இன்றும், இன்னொன்றை ஐந்தாறு ஆண்டு கழித்தும் வாங்குவதே லாபம், ஏனெனில் அன்றைய நடுத்தரம் இன்றைய உச்சத்துக்குப் பெரும்பாலும் ஈடாகிவிடும். ஆண்டுக்கொரு முறை தூசி ஊதுவதற்கும், மூன்றாண்டுக்கொரு முறை பேஸ்ட் மாற்றுவதற்கும் ஆகும் செலவை வாங்கும் அன்றே விலையோடு சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். யந்திரம் மந்தமாகிவிட்டதென்று பிள்ளை வந்து நின்றால், முதலில் சர்வீஸ் கடைக்கும், பிறகு ரேம் கூட்டுவதற்கும், கடைசியாகப் புதிய கடைக்கும் போங்கள். முடிவாகக் கழிக்கும் நாளில், உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்ப்பதோ, குப்பைக் குழியில் எறிவதோ, எரிப்பதோ கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய யந்திரம் மறுசுழற்சிக்குச் சேர்வதை உறுதிசெய்யும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சேர்ந்தது. அங்கீகாரம் பெற்ற சேகரிப்பு மையத்தில் அதை ஒப்படைத்துவிடுங்கள்.