பையின் வாயை அடைத்த பிறகு

இருதயத்தின் இடது மேலறையிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு சிறு பை தொங்குகிறது. கருவிலே இருதயம் உருவான காலத்தின் மிச்சமாகிய அந்தப் பையைப் பற்றி, மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் வியாதி வரும்வரை யாரும் கவலைப்படுவதில்லை. வந்துவிட்டாலோ, சுருங்கி விரிய வேண்டிய சுவர் வெறுமே நடுங்க, ரத்தம் அந்த மூலையில் தேங்கி, உறைந்து, உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்கு ஏறிப் பக்கவாதத்தை உண்டாக்கிவிடுகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களிடம் இடது மேலறையில் காணும் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது இந்தப் பையில்தான் இருக்கின்றன.

அந்தப் பையை வெட்டியெடுத்த அனுபவத்தை ஜான் மேடன் என்னும் அமெரிக்க சஸ்திர வைத்தியர் 1949-லேயே எழுதினார். மார்பைத் திறக்காமல், தொடையின் ரத்தநாளம் வழியே குழாயைச் செலுத்திப் பையின் வாயை அடைக்கும் முறை 2001-இல் வந்தது. அவ்வாறு அடைக்கும் ‘வாட்ச்மேன்’ என்னும் சாதனத்துக்கு அமெரிக்க அரசாங்கம் 2015-இல் அனுமதி தந்தது. குடைக் கம்பிகளைப் போன்ற, ‘நிட்டினால்’ என்னும் உலோகத்தாலான கூடு, அதன்மேல் மெல்லிய பாலியெஸ்டர் துணி, சுவரைப் பற்றச் சுற்றிலும் சிறு கொக்கிகள், அவ்வளவுதான். ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் விழுங்க இயலாதவர்களுக்கு இது பெரிய உபகாரமே.

ஆயினும் அது சரீரத்துக்கு அந்நிய வஸ்து. அந்தத் துணியின்மேல் உடம்பின் சொந்தத் திசு மெல்லிய தோலாகப் படர்ந்து மூடும்வரை, கட்டியைத் தடுக்க வந்த சாதனத்தின் முகத்திலேயே, விசித்திரமாக, கட்டி பிடிக்கக்கூடும். 2018-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 1,739 நோயாளிகளில் 65 பேருக்கு அப்படி நேர்ந்தது. அவர்களுக்குப் பக்கவாதம் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்தது. பையின் வாய் பெரும்பாலும் நீள்வட்டம், கூடோ வட்டம். ஆகையால் ஓரத்தில் இடைவெளி விழுந்து ரத்தம் கசிவதுண்டு. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருந்தால் பாதகமில்லை என்று முதலில் கருதப்பட்ட அந்தக் கசிவும் முற்றிலும் நிரபராதியல்ல என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. அபூர்வமாக, கொக்கி சுவரைத் துளைத்து இருதய உறைக்குள் ரத்தம் சேர்வதும், சாதனமே இடம் பெயர்வதும் நாள் கடந்தும் நிகழ்கின்றன.

ஆகவே, சாதனம் பொருத்திக்கொண்டவர்களே, உணவுக்குழாய் வழியே கருவியை இறக்கிப் பார்ப்பது சங்கடமாயிருந்தாலும், சுமார் நாற்பத்தைந்தாம் நாளிலும் பிறகு வைத்தியர் சொல்லும் காலத்திலும் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சாதனம் பொருத்தியபின் கட்டி பிடிக்காமலிருக்க வைத்தியர் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ வந்து எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், இருதயத்தில் சாதனம் இருப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.