தகடூரில் அரை நாள்

ஒகேனக்கல் என்றால் அலுவலகமே வேன் பிடித்துக் கிளம்பும். வழியில் தருமபுரியில், அதாவது பழைய தகடூரில், இறங்கலாம் என்றால், "அங்கே என்ன சார் இருக்கு?" என்பார்கள். எங்கள் பிரிவிலும் அதே கேள்விதான். எண்ணெய்க் குளியல், பொரித்த மீன், பரிசல் எல்லாம் மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம், காலையை ஊருக்குக் கொடுங்கள் என்று மன்றாடி வாங்கினேன்.

முதலில் கோட்டைக் கோயில். கோட்டை இப்போது பெயரில்தான் இருக்கிறது. மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் தரையைத் தொடாமல் நிற்கும் தூணுக்குத்தான் கூட்டம். அடியில் துணியை நுழைத்து மறுபக்கம் இழுத்தார்கள், செல்ஃபி எடுத்தார்கள். எனக்கென்னவோ பக்கத்தில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயிலின் அடித்தளம்தான் பெரிய விஷயம். ராமாயணம் முழுவதையும் சிறுசிறு சிற்பங்களாகச் சுற்றிலும் செதுக்கியிருக்கிறார்கள். முழங்கால் போட்டு உட்கார்ந்தால்தான் கதை பிடிபடும். "வாலி வதம் எங்கே?" என்று தேடிக்கொண்டே போன கணக்குப் பிரிவு அக்காவைக் கிளப்பத்தான் பெரும்பாடாகிவிட்டது.

அடுத்து, தொல்லியல் துறையின் அகழ் வைப்பகம். இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இங்கேதான் போகச் சொல்வேன். வீரச்சாவு அடைந்தவர்களுக்காக நட்டு, மாவட்டத்தின் காடுமேடுகளில் கிடைத்த நடுகற்களைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வீரனின் ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள், மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் சில வரிகள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தான் என்ற விவரம் அவ்வளவையும் அந்தச் சில வரிகளுக்குள் அடக்கிவிடுவார்கள். புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் கல் உண்டு. அரசர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கல்வெட்டுகள் தமிழ்நாடு முழுக்கக் கிடக்கின்றன. மாடு மேய்க்கும் ஊர்க்காரனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது. கிராமங்களில் இன்னும் நிற்கும் இந்தக் கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். பூசையும் நடக்கிறது.

"அப்போ தகடூரை ஆண்ட அதியமான் கதையெல்லாம் நிஜமா சார்?" என்று கேட்டான் புதிதாகச் சேர்ந்த தம்பி. அவன் ஔவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி பற்றி என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் அதியமானுக்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. அசோகரின் கல்வெட்டு சோழர், பாண்டியரோடு சதியபுத்திரர் என்று ஒரு மரபையும் சொல்கிறது. அவர்கள் யார் என்று அறிஞர்கள் வெகுகாலம் முட்டி மோதினார்கள். 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' கொடுத்த பள்ளி (துறவிகளின் உறைவிடம்) என்றது அது. வழக்கு முடிந்தது.

சேலம் சாலையில் அதியமான்கோட்டையையும் எட்டிப் பார்த்தோம். காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமியில் போனால் சாம்பல் பூசணி விளக்குகளுக்கு நடுவே நிற்கக்கூட இடம் கிடைக்காது, வேறு நாள் பாருங்கள். அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்துக் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்க்க ஆளே இல்லை. பைரவருக்கு வருகிற கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு இங்கே திரும்பினால்கூடப் போதும்.

அதன் பிறகு பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். மீன் நன்றாகவே இருந்தது.

நீங்கள் போவதாக இருந்தால், கிளம்புமுன் புறநானூற்றின் 232-ஆம் பாடலைப் படித்துவிடுங்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் ஊற்றும் கள்ளையா வாங்கப்போகிறான் என்று, மாண்டுபோன அதியமானை நினைத்து ஔவை கேட்கும் பாடல் அது. படித்த கையோடு வைப்பகத்துக்குப் போங்கள். ஒகேனக்கல் எங்கேயும் ஓடிவிடாது.