காட்டுத்தீ புகையில் உயிருள்ள கிருமிகளா? எப்படி சாத்தியம்?

நெருப்பில் எல்லாமே சாம்பலாகிடும்னு நினைக்கிறோம். ஆனால், காட்டுத்தீ புகையில் பாக்டீரியாவும் பூஞ்சை வித்துகளும் உயிரோடு பறக்கின்றன.

எப்படி தப்பிக்கின்றன?
தீ எல்லா இடத்திலும் ஒரே சூட்டில் எரியாது. ஈரச் சருகு கனன்று புகையும் இடத்தில் கிருமிகள் பிழைத்துவிடும். மேலெழும் சூடான காற்று, தூசியோடு அவற்றையும் தூக்கிச் செல்லும்.

எப்படி தெரிந்தது?
அமெரிக்காவின் யூட்டா காட்டில் ஐடஹோ பல்கலைக்கழகத்தின் லீடா காப்ஸியர் குழு ட்ரோனில் புகையைச் சேகரித்தது. சாதாரண காற்றைவிட சுமார் 4 மடங்கு நுண்ணுயிர்கள் அதில் இருந்தன.

நமக்கு என்ன?
2018 மார்ச்சில் தேனி குரங்கணி தீ 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கோடையில் மலையில் தீ புதிதல்ல. புகைவழியே நோய் பரவும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும், தீயணைக்கப் போகிறவர்கள் வாயில் துண்டு கட்டினால் மட்டும் போதாது. என்-95 முகக்கவசம் அவசியம்.